சீவ் மெயில் விதிகளை எக்செல் அட்டவணையாக மாற்றுவது எப்படி?

திருநெல்வேலியில் தலைமைக் கடை, பாளையிலும் சங்கரன்கோவிலிலும் கிளைகள் என்று ஒரு கடையை வைத்துக்கொள்வோம். வரும் மெயிலைக் கிளைவாரியாகப் பிரிக்க சர்வரில் சீவ் (Sieve) என்ற மெயில் வடிகட்டும் மொழியில் எழுதிய விதிகள் இருக்கின்றன. அவற்றை அட்டவணையாக்கிக் கொடுத்தால் கணக்குப் பார்ப்பவரே சரிபார்த்துவிடுவார்.

முதலில் பைத்தான் நிரல்மொழியில், அதன் நிறுவும் கருவியான பிப் (pip) மூலம் சீவ்லிப் (sievelib) நூலகத்தை நிறுவுங்கள். அதில் விதிகளைப் படித்துப் பிரிக்கும் பகுதியான பார்சரிடம் விதிகளைக் கொடுத்ததும் சரியா தவறா என்று சொல்லும். தவறென்றால் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, மேலே தேவையான வசதிகளை அறிவிக்கும் ரெக்கொயர் (require) வரியில், மெயிலை ஃபோல்டரில் போடும் ஃபைல்இன்டூ (fileinto) இருக்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் பார்சரின் டம்ப் (dump) கட்டளையைக் கொடுத்து, விதிகளின் மர அமைப்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றும் வேலை இந்த மரத்திலிருந்துதான் நடக்க வேண்டும். மூலக் கோப்பை வரிவரியாக வெட்டினால், நாலு வரிக்கு நீளும் ஒரே விதி நாலு துண்டாகிவிடும்.

அடுத்து மரத்தில் மேலிருந்து கீழே இறங்குங்கள். ஒரு இஃப்புக்குள் (if, அதாவது நிபந்தனைக்குள்) இன்னொரு இஃப் இருந்தால், வெளி நிபந்தனையையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து ஒரே வரிசையாக எழுதுங்கள். எல்ஸ்இஃப் (elsif) வந்தால் 'மேலே உள்ளது பொருந்தாவிட்டால்' என்று எழுதியே ஆக வேண்டும். சீவ்லிப் அதைத் தனிக் கட்டளையாகத் தருவதால் புதியவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அட்டவணை பொய் சொல்லத் தொடங்குவது அங்கேதான். கடைசி வரிசையாக 'எதிலும் சேராதவை இன்பாக்ஸுக்கு' என்று நீங்களே சேருங்கள். சீவ் அதைச் சொல்லாமலே செய்கிறது, அதனால் மரத்தில் இருக்காது.

விதிகளில் வரும் மெயில் அளவுகளில் கே (K) என்பது 1024. 500 கே என்றால் 5,12,000 பைட். 5,00,000 என்று எழுதாதீர்கள்.

தமிழ்ச் சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 'பாளையங்கோட்டை'யில் வரும் 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு என்ற இடப்பக்கக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சீவ் பைட்டுகளை ஒப்பிடுவதால் ஒன்றில் எழுதிய விதி மற்றதில் வரும் மெயிலைப் பிடிக்காது. 'சங்கரன்கோவில்' என்பதற்கும் இதே கதைதான். ஒவ்வொரு சொல்லையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றிப் பாருங்கள். மாறினால் அந்த வரிசைக்கு அடையாளம் இடுங்கள். மூல விதியின் தேடுசொல் பட்டியலில் இரண்டு வடிவங்களையும் போட்டுவிட்டால், எது வந்தாலும் பொருந்தும்.

எக்செல் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பாகச் சேமிக்கும்போது, யூடிஎஃப்-8 உடன் கோப்பின் தொடக்கத்தில் வரும் பிஓஎம் (BOM) என்ற அடையாளத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் எக்செலில் தமிழ் குப்பையாகத் தெரியலாம். சொல்லுக்குள் மேற்கோள் குறி இருந்தால், சீவின் பின்சாய்கோட்டை முதலில் நீக்கி, பிறகு சிஎஸ்வி முறைப்படி குறியை இரட்டியுங்கள்.

வேறொரு மென்பொருள் படிக்க வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல் நல்லது. அதற்கு 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5784 என்ற இணையத் தர ஆவணத்தின் வடிவம் இருக்கிறது.

விதிகளுக்கு மேலே எழுதிவைத்த குறிப்புரைகள் அட்டவணைக்கு வராது. ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.