தண்ணீர்க் குறையைக் கிராம சபைத் தீர்மானமாக்குவது எப்படி?

எங்கள் தெருதான் குழாய் வரிசையில் கடைசி. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற நாளிலும் எங்களுக்கு நாலு குடம்தான் வரும். மூன்று கிராம சபைகளில் எழுந்து "தண்ணீர் வரவில்லை" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஏறாத பேச்சுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அதனால் முதலில் ஒரு நோட்டு போடுங்கள். தண்ணீர் திறந்த நேரம், உங்கள் தெருவுக்கு வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை குடம் என்று இரண்டு வாரம் விடாமல் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். உங்கள் குடக் கணக்கை லிட்டராக மாற்றி அதற்குப் பக்கத்தில் வையுங்கள். நான் எழுதிப் பார்த்தபோதுதான் குறை தொட்டியில் இல்லை, நடுத்தெரு வால்வு எப்போதும் முழுதாகத் திறந்தே கிடக்கிறது என்று தெரிந்தது. தொட்டி ஆபரேட்டரிடம் கோபப்படாதீர்கள். ஒரே ஆள் எல்லாத் தெருவையும் பார்க்கிறார், விவரமும் அவரிடம்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள். குடம் தூக்குகிறவர்கள் பேசினால் கணக்கில் பிழை வராது.

"பணம் இல்லை" என்பார்கள். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று வைக்கப்பட்டது. வரவு செலவில் அது எங்கே போனது என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தீர்மானத்தின் வாசகம். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுத விடாதீர்கள். எந்தத் தெரு, எந்த வால்வு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். கலைவதற்கு முன் உரக்க வாசிக்கச் சொல்லி, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இணைப்பு இல்லாத அங்கன்வாடிக் கழிப்பறைக்கும் இதே வழிதான்.

எங்கள் தீர்மானத்தில், காலை முதல் அரை மணி நேரம் நடுத்தெரு வால்வை மூடிக் கடைசித் தெருவுக்கு விட வேண்டும் என்று எழுத வைத்தோம். இப்போது பத்துக் குடம் நிறைகிறது. அடுத்த சபைக்கும் நோட்டை எடுத்துப் போவேன்.