பழைய பெல்ட்டோடு புதிய கலையில் சேர்வது எப்படி?

கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்கியவர் ஜூடோ வகுப்பில் சேரப் போகிறார். எந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போவது என்பதுதான் அவருக்கு முதலில் எழும் கேள்வி. விடை எளிது: வெள்ளை. பலரும் தவறு செய்வது வேறு இடத்தில். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு, பழைய அனுபவத்தை மாஸ்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பெல்ட்டைக் காட்டிக்கொண்டால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். அனுபவத்தை மறைத்தால் எதிரே நிற்பவருக்கு அடிபடும். இடுப்பில் எதையும் காட்டாதீர்கள், மாஸ்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

டான் என்ற பிளாக் பெல்ட் தரப்படி முறையைத் தற்காப்புக் கலைக்குக் கொண்டுவந்தவர் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ. 1883-இல் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். கராத்தேயில் ஃபுனகோஷி கிச்சின் அதே முறையை எடுத்துக்கொண்டு முதல் டான்களை வழங்கியது 1924-இல். ‘ஷோடான்’ என்ற சொல்லுக்கே தொடக்கப் படி என்றுதான் பொருள். ஒரு பாடத்திட்டத்தில், ஓர் அமைப்பின் முன்னால், இவ்வளவு தேறியிருக்கிறார் என்று சொல்வதுதான் பெல்ட். வேறு பாடத்திட்டத்துக்குப் போனால் அந்த அளவுகோல் அங்கே பொருந்தாது. ஆனால் உடம்பு கற்ற வேகம், தூரக்கணிப்பு, அடிவாங்கினாலும் பதறாத மனம் எல்லாம் கூடவே வரும். அதை மாஸ்டர் இரண்டாவது வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் மாற்றம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். முற்றிலும் வேறு கலை என்றால் வெள்ளை பெல்ட், மறுபேச்சில்லை. அதே கலை, அதே அமைப்பு, இடம் மட்டும்தான் மாறுகிறது என்றால் தரம் அப்படியே செல்லும். சான்றிதழ் நகலையும் பதிவு எண்ணையும் கொடுத்தால் போதும். டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவோன் தரும் டான் சான்றிதழில் அந்த எண் இருக்கும். குத்துச்சண்டை, முவாய் தாய் போன்றவற்றில் வழக்கமாக பெல்ட்டே கிடையாது என்பதால் இந்தக் கேள்வியே எழாது.

சிக்கல் வருவது அதே கலையின் வேறு பிரிவுக்கு மாறும்போதுதான். பெயர் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவில் இருந்து ஷிட்டோ-ரியூவுக்கோ வாடோ-ரியூவுக்கோ போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் “பினான் ஷோடான்” என்கிறார். இவர் தனக்குத் தெரிந்த ஹெயான் ஷோடானைத் தொடங்குகிறார். வரிசை முழுக்க ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஷோட்டோகானில் முதல் இரண்டு கத்தாக்களின், அதாவது வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுப்புகளின், வரிசை மாறிவிட்டது: அங்கே ஹெயான் ஷோடான் என்பது மற்றவர்களின் பினான் நிடான். வரிசையைச் சரிசெய்துகொண்டாலும் நிற்கும் நிலை வேறு. ஷோட்டோகானில் நீளமான பின்னிலை வரும் இடத்தில், மற்ற இரண்டிலும் குறுகிய பூனைக்கால் நிலை வரும். டேக்வாண்டோவிலும் ஐ.டி.எஃப். என்ற அமைப்பின் வழியில் வரும் துல்களும் குக்கிவோன் வழியின் தேகுக் பூம்சேக்களும் (கத்தா போன்ற தொகுப்புகள்தான் இரண்டும்) வேறு வேறு. இந்த வகை மாற்றத்தில் மாஸ்டர் பழைய நிற பெல்ட்டையே கட்டச் சொல்லலாம், வெள்ளையும் கட்டச் சொல்லலாம். முடிவு அவருடையது. நீங்களாக எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? வகுப்புக்கு முன்பே, தனியாக, ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். ஐந்து விவரங்கள் போதும்: எந்தக் கலை, எத்தனை வருடம், என்ன தரம், கடைசியாக எப்போது பயிற்சி செய்தீர்கள், உடம்பில் எங்கே காயம்.

“மாஸ்டர், நான் எட்டு வருஷம் ஷோட்டோகான் பண்ணியிருக்கேன், முதல் டான். விட்டு மூணு வருஷம் ஆச்சு. வலது முழங்கால்ல பழைய அடி இருக்கு. இங்க வெள்ளையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்ன பெல்ட் கட்டணும்னு நீங்க சொல்லுங்க.”

இவ்வளவுதான். பழைய மாஸ்டர் யார், எத்தனை பதக்கம் என்பதெல்லாம் அவர் கேட்டால் சொன்னால் போதும்.

உடையையும் கவனியுங்கள். மெல்லிய கராத்தே உடை ஜூடோவின் இழுப்புக்குத் தாங்காது, முதல் வாரமே தோள்பட்டையில் கிழியும். தடித்த நெசவுள்ள ஜூடோ உடையை வாங்கிவிடுங்கள். பழைய அமைப்பின் பேட்ஜ் இருந்தால் தையலைப் பிரித்து எடுங்கள். வரிசையில் நிற்கும்போது கடைசியில் நில்லுங்கள். வயதோ பழைய தரமோ இங்கே கணக்கில்லை.

இனி உடம்பு. பெல்ட்டைக் கழற்றுவது ஒரு நொடி வேலை, பழக்கத்தைக் கழற்ற மாதங்கள் ஆகும்.

கராத்தே, டேக்வாண்டோவிலிருந்து ஜூடோவுக்கு வருகிறவருக்குக் கால் பலமும் சமநிலையும் நன்றாக இருக்கும். அதனாலேயே எதிராளி தூக்கிப் போடும்போது அவர் உடம்பு விழ மறுக்கும். பின்னால் சாயும்போது கை தானாகப் பின்னுக்கு நீளும், உள்ளங்கை தரை விரிப்பில் ஊன்றும், முழங்கை நேராகப் பூட்டிக்கொள்ளும். அந்த ஒற்றைக் கையின் மேல் இரண்டு பேர் எடை இறங்குகிறது. மணிக்கட்டும் முழங்கையும் காரை எலும்பும் போவது இப்படித்தான். முதல் நான்கு வாரம் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பின்விழுதல் 20, பக்கத்துக்கு 20 என்று செய்யுங்கள். குந்திய நிலையில் தொடங்குங்கள், தாடை மார்பை ஒட்டியிருக்கட்டும், கையை உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரியில் வைத்து முன்கை முழுவதுமாக விரிப்பில் அறையுங்கள். யோசிக்காமல் விழ வரும்வரை ரண்டோரிக்கு, அதாவது ஜூடோவின் சுதந்திரப் பயிற்சிச் சண்டைக்கு, போக அவசரப்படாதீர்கள்.

குத்துச்சண்டைக்குப் போகும் கராத்தேக்காரருக்கு ஆபத்து இடுப்பில் இருக்கிறது. ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுத்து இழுத்துப் பழகியவர் அவர். பேடில் குத்தும்போது கவனித்தால், ஒவ்வொரு வலது குத்துக்கும் இடது கை கீழே இறங்கித் தாடை திறந்துகிடக்கும். குத்தாத கையின் கட்டைவிரலால் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே நிழல் சண்டை 3 சுற்று போடுங்கள்; விரல் கன்னத்தை விட்டால் அந்தச் சுற்றை முதலிலிருந்து தொடங்குங்கள். பக்கவாட்டில் நின்று பழகியவர் முவாய் தாய்க்குப் போனால் முன்தொடையில் உதை வாங்கிக்கொண்டே இருப்பார். அங்கே மார்பைச் சற்று முன்னால் திருப்பி, முன்காலைத் தூக்கி முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பால் தடுக்கப் பழக வேண்டும்.

ஜூடோவிலிருந்து பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவுக்கு வருகிறவர் தரையில் சிக்கினால் குப்புறச் சுருண்டுகொள்வார். ஜூடோவில் சிறிது நேரத்தில் நடுவர் நிறுத்திவிடுவார். இங்கே யாரும் நிறுத்தமாட்டார்கள். எதிராளி முதுகில் ஏறிக் காலைக் கொக்கியாகப் போட்டு 4 புள்ளி எடுப்பார், அடுத்து கழுத்துக்கு வருவார். மல்யுத்தக்காரர் காலைப் பிடிக்கத் தலையை வெளியே நீட்டிப் பாய்வார், கழுத்து அங்கேயே மாட்டும்.

விதிகளும் மாறுகின்றன. சர்வதேச ஜூடோ போட்டிகளில் காலைப் பிடிப்பது 2010-இல் கட்டுப்படுத்தப்பட்டு 2013-இல் முழுவதும் தடைசெய்யப்பட்டது. மூட்டுப் பூட்டு முழங்கைக்கு மட்டும்தான். ஐகிடோவில் பழகிய மணிக்கட்டுப் பூட்டை ஜியு-ஜிட்சுவில் வெள்ளை பெல்ட்காரர் மேல் போடக்கூடாது. அவருக்கு எப்போது தட்டிச் சரணடைய வேண்டும் என்றே தெரியாது. ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) முன் ஜோடியிடமும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: “நான் முன்னாடி ஜூடோ பண்ணியிருக்கேன், மெதுவா போலாம்.” பழைய கலையில் பெயர் வாங்கித் தந்த உத்தியை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். அதை வைத்து ஜெயித்துக்கொண்டே இருந்தால் புதியது உடம்பில் ஏறாது.

பக்கத்தில் இருப்பவரைத் திருத்தாதீர்கள், நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும். “எங்க கிளாஸ்ல இப்படி” என்ற பேச்சும் வேண்டாம். “இங்க ஏன் இப்படி வைக்கிறோம் மாஸ்டர்?” என்று கேட்டால் பாடம் கிடைக்கும்.

சில மாதம் கழித்து மாஸ்டரே “ரெண்டு கிரேடு தாண்டிப் போ” என்று சொல்லலாம். மறுக்க வேண்டியதில்லை. அதற்கு முன் அந்த இடைநிலைத் தரங்களின் பாடத்தை எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் பெயர் சொன்னதும் செய்ய வருகிறதா என்று சோதியுங்கள். ஓட்டை இருந்தால் அடுத்த கிரேடிங் வரை நேரம் கேளுங்கள். போட்டியில் பெயர் கொடுக்கும்போதும் பழைய தரத்தைச் சொல்லிவிடுங்கள். ஜூடோ பிளாக் பெல்ட்காரரை வெள்ளை பெல்ட் பிரிவில் சேர்க்காத ஜியு-ஜிட்சு போட்டிகள் உண்டு. மறைத்துக் கலந்துகொள்வது புதிதாக வந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

குழந்தை கலை மாறுகிறது என்றால் பெல்ட் விஷயத்தை முதல் நாளுக்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பிரவுன் பெல்ட் கட்டிய பத்து வயதுக் குழந்தை, எல்லார் முன்னாலும் வெள்ளையைக் கையில் வாங்கும்போதுதான் உடைந்துபோகிறது. பழைய பெல்ட்டை அதன் கண்ணில் படும்படி வீட்டில் மாட்டி வையுங்கள். உங்களுடையதையும் அப்படியே. சான்றிதழை இருபுறமும் ஸ்கேன் செய்து, பதிவு எண், தேதி, வழங்கிய அமைப்பின் முழுப்பெயர் மூன்றையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கலைக்கே ஒருநாள் திரும்பினால், வேறு ஊரில் வேறு மாஸ்டர் முதலில் கேட்பது அந்த மூன்றையும்தான்.