ஏதென்ஸில் முதலில் குன்று, பிறகு அருங்காட்சியகம்

ஏதென்ஸ் செல்பவர்கள், பழங்கிரேக்கக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். அதுவும் காலை முதல் நேரத்துக்கே. மேலே நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்த பளிங்குக் கற்கள் கண்ணாடி போல வழுக்கும். பிடிப்புள்ள காலணி இல்லாமல் ஏறாதீர்கள்.

வெயில் ஏறியதும் தென்கிழக்கு வாசல் வழியாக இறங்கினால், எதிரிலேயே 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். பலர் களைத்துப்போய் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் குன்றைவிட இதுதான் பிடித்தது. மேலே எரெக்தியோன் கோயிலில் கூரையைத் தாங்கி நிற்கும் பெண் சிலைகள் ஆறும் நகல்களே. அசல்களில் ஐந்து இங்கே இருக்கின்றன, ஒன்று லண்டனில். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: தடித்த பின்னல்கள் முதுகில் புரள்கின்றன. கழுத்துக்கு வலுச் சேர்க்கும் சிற்பியின் தந்திரம் அது!

மேல்மாடியில், குன்றின் மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலின் சிற்பப் பட்டை. தேன் நிறக் கல் அசல். வெளேரென்று இருப்பவை வெளிநாட்டில் உள்ளவற்றின் சுதை வார்ப்புகள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அதே கோயில், இந்தக் கூடம் பார்க்கும் அதே திசை பார்த்து நிற்கிறது.