மரத்துல ஏறாம தரையில உக்காந்து வில்லால மான் வேட்டை: மிச்சிகன் பப்ளிக் லேண்ட்ல முதல் சீசன் போறவங்களுக்கு

அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல வில் சீசன் தொறக்குது, நவம்பர் 14 வரைக்கும் போகும், அப்புறம் துப்பாக்கி சீசன் முடிஞ்சதும் டிசம்பர் 1லருந்து ஜனவரி 1 வரைக்கும் மறுபடி. கிராண்ட் ராப்பிட்ஸ்லருந்து ஒரு மணி நேரம் வடக்க ஓட்டினா மேனிஸ்டீ நேஷனல் ஃபாரஸ்ட். இதோட ஜோடி அரசுக் காடான ஹ்யூரானும் மேனிஸ்டீயும் சேத்து கிட்டத்தட்ட பத்து லட்சம் ஏக்கர், லைசன்ஸ் இருக்கிற யாரும் அங்க வேட்டையாடலாம், யார்கிட்டயும் போய் நிலம் கேட்டு நிக்க வேணாம். நம்ம ஆளுங்க நிறைய பேரு "ஆசையா இருக்கு, ஆனா மரத்துல 20 அடி உயரத்துல ஸ்டாண்ட் கட்டி உக்காரணுமாமே, பயமா இருக்கு"ன்னு கேக்குறாங்க. வேணாங்க. தரையிலயே உக்காந்து அடிக்கலாம், நான் ஆரம்பத்துலருந்து அப்படித்தான் பண்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியால 1972 வனவிலங்கு சட்டப்படி மான் வேட்டை குத்தம், அதனால இதப் படிச்சுட்டு ஊருக்குப் போயி யாரும் எதுவும் முயற்சி பண்ணாதீங்க. இங்க வெள்ளைவால் மான் எண்ணிக்கைய அரசு கணக்குப் பாத்து, இத்தனை டேக்னு (அடிச்ச மான் மேல கட்டுற அனுமதிச் சீட்டு) குடுத்து நடத்துற வேட்டை இது. நீங்க வாங்குற வில்லு, அம்பு மேல போடற வரிகூட 1937ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வழியா மாநில வனவிலங்கு வேலைகளுக்கே போகுது.

முதல் வேலை: பேப்பர்

1960 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹண்டர் சேஃப்டி கோர்ஸ் முடிச்சிருக்கணும். அப்புறம் பேஸ் லைசன்ஸ்ங்கிற அடிப்படை வேட்டை லைசன்ஸ், அதுக்கு மேல மான் லைசன்ஸ். ரூல்புக் வருஷா வருஷம் மாறும், அந்த வருஷத்து புக்க டவுன்லோட் பண்ணி முழுசா ஒரு தடவ படிங்க. முக்கியமா மூணு விஷயம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடிலருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னாடி வரைக்கும்தான் எய்யலாம். அம்பு முனையில இருக்குற ப்ராட்ஹெட் 7/8 இஞ்ச் அகலத்துக்குக் கொறையக்கூடாது. சோளம், கேரட் கொட்டி மானை வரவைக்கிற பெயிட்டிங்க லோயர் பெனின்சுலால (மிச்சிகனோட தெற்குப் பாதி, மேனிஸ்டீ இருக்குறது இங்கதான்) 2019ல தடை பண்ணாங்க. பக்கத்து ஆளு கொட்டுறாரேன்னு நீங்க கொட்டாதீங்க.

வில்லு, அம்பு

கடையில போனா காட்டுறதெல்லாம் வாங்கத் தோணும். ஒரு நடுத்தர காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலயும் கப்பி வெச்ச வில்), உங்க கை நீளத்துக்கு டிரா லெங்த், அதாவது நாண முழுசா இழுக்குற தூரம், சரியா செட் பண்ணினது, இழுக்குற எடை 45லருந்து 50 பவுண்டு. வெள்ளைவால் மானுக்கு இது தாராளம். 70 பவுண்டு வில்ல வாங்கி, வானத்தப் பாத்து தம் கட்டி இழுக்குறவங்கள நான் பாத்துருக்கேன், தரையில உக்காந்துட்டு அப்படி இழுத்தா மான் அங்கயே பாத்துரும். குளிர்ல, தடிச்ச ஜாக்கெட்டோட, ஸ்டூல்ல உக்காந்த நிலையில, கை நேரா மெதுவா பின்னாடி போகணும். அது முடியாத எடை உங்களுக்கு வேணாம்.

ப்ராட்ஹெட் பத்தி ஆயிரம் சண்டை நடக்கும். ஆரம்பத்துல நிலையான பிளேடு இருக்குறதே போதும், விரியுற மெக்கானிக்கல் வேணாம். கூர் மட்டும் முக்கியம், கை மயிர சிரைக்கிற அளவுக்கு இருக்கணும், மழுங்கின பிளேடோட காட்டுக்குள்ள போகாதீங்க. வேட்டையில எந்த முனையப் போட்டு எய்யப் போறீங்களோ அதையே போட்டு ப்ராக்டிஸ் பண்ணிப் பாருங்க, சில வில்லுல ஃபீல்டு பாயிண்ட் (ப்ராக்டிஸுக்குப் போடற சாதா முனை) ஒரு இடம், ப்ராட்ஹெட் வேற இடம் போகும்.

ப்ராக்டிஸ் நின்னுட்டு மட்டும் பண்ணாதீங்க. மண்டி போட்டு, ஸ்டூல்ல உக்காந்து, இடுப்ப இடது பக்கம் திருப்பி, வலது பக்கம் திருப்பி. ஜூலைலருந்து நாளைக்கு பத்து அம்பு போதும், ஆனா தெனம். அஞ்சு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள்ள எந்தத் தூரம் வரைக்கும் விழுதோ அதுதான் உங்க எல்லை. எனக்கு அது 25 கெஜம், அதுக்கு மேல நான் எய்யறதில்ல. ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன். அம்பு வேகம் செகண்டுக்கு சுமார் 280 அடி, சத்தம் போற வேகம் 1,100 அடி. 20 கெஜத்துல நாண் சத்தம் மான் காதுக்குப் போயி சுமார் 0.16 செகண்டு கழிச்சுதான் அம்பு வரும், 40 கெஜத்துல அது இரட்டிப்பு. அந்த நேரத்துல பயந்த மான் பாயறதுக்காக உடம்ப கீழ தாழ்த்தும், நீங்க நுரையீரலப் பாத்து விட்ட அம்பு முதுகுல போயி குத்தும்.

இடம் பாக்குறது

போன்ல ஆன்எக்ஸ் மாதிரி ஒரு மேப் ஆப் கட்டாயம் வேணும். மேனிஸ்டீல அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து கெடக்கும், வேலி இருக்காது, எல்லைய மிதிச்சா அத்துமீறல்.

மேப்புல முதல்ல ரோட்டப் பாருங்க, பார்க்கிங்லருந்து முதல் கால் மைல்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க. அதத் தாண்டி, இல்லன்னா ஒரு சதுப்போ ஓடையோ குறுக்க கிடக்கிறதால யாரும் போக யோசிக்கிற பக்கமா போங்க. சாட்டிலைட்ல அடர்த்தியான பச்சையும் திறந்த காடும் சேருற ஓரம், ரெண்டு சதுப்புக்கு நடுவுல ஒடுங்கின நிலம், இதெல்லாம் மான் நடந்தே ஆகவேண்டிய வழி.

அப்புறம் நேர்ல போங்க, செப்டம்பர்லயே. ஓக் மரத்தடியில குனிஞ்சு பாருங்க. வெள்ளை ஓக் காய் கசப்பு கம்மி, மான் அதத்தான் முதல்ல தேடும், இலையோட நுனி உருண்டையா இருக்கும், சிவப்பு ஓக் இலை நுனி கூரா முள்ளு மாதிரி. காய் தொப்பி மட்டும் நெறய கிடந்து, உடைஞ்ச ஓடும், பக்கத்துலயே ஈரம் காயாத பளபளன்னு கருப்பு புழுக்கையும் கிடந்தா அங்க இந்த வாரம் மான் மேயுது. சின்ன மரத்துல பட்டை உரிஞ்சு நிக்கிறது ஆண் மான் கொம்பு தேய்ச்ச இடம், தரையில இலைய வாரிவிட்டு மண்ண சுரண்டி வெச்சிருந்தா அதுவும் அதோட வேலைதான். எல்லாத்தையும் பாத்துட்டு சீக்கிரம் வெளிய வந்துருங்க, தெனம் போயி மிதிச்சா மான் வழிய மாத்திரும். வந்ததும் உடம்புல உண்ணி இருக்கான்னு பாருங்க, லைம் நோய் பரப்புற உண்ணி இந்தப் பக்கம் இருக்கு.

காத்து

மரத்துல இருக்குறவருக்கு வாசனை கொஞ்சம் தலைக்கு மேல போகும், தரையில உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, உங்க மூச்சும் வேர்வையும் மான் மூக்கு மட்டத்துலயே போகுது. சோப்பு, ஸ்ப்ரே எதுவும் மான் மூக்க ஏமாத்தாது. மான் வர்ற பக்கத்துலருந்து உங்க மூஞ்சிக்கு காத்து வரணும், அவ்ளோதான், அது இல்லாத நாள்ல அந்த இடத்துக்கே போகாதீங்க. ஒவ்வொரு காத்துக்கும் ஒண்ணா மூணு இடமாவது கையில வெச்சிருங்க.

காத்த பாக்குறதுக்கு கடையில பவுடர் விப்பாங்க, நான் ரோட்டோரம் வளர்ற மில்க்வீட் பஞ்சு எடுத்துப்பேன். நம்ம ஊரு எருக்குக்கு சொந்தக்காரச் செடி அது, காய் வெடிச்சா அதே வெள்ளைப் பஞ்சு. ஒரு இழைய விட்டா அது 50 கெஜம் மிதந்து போறது கண்ணுக்குத் தெரியும், எங்க சுத்துது, எங்க பள்ளத்துல எறங்குதுன்னு எல்லாம் தெரிஞ்சிரும். காலையில வெயில் ஏற ஏற காத்து மேட்டுப் பக்கம் ஏறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு எறங்கும். ஃபோர்காஸ்ட்ல மேற்குக் காத்துன்னு போட்டுருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க பஞ்சு ஓடைப் பக்கம் எறங்குச்சுன்னா பஞ்ச நம்புங்க.

உக்கார்றது

பாப்-அப் கூடாரம் வேணும்னா பயன்படுத்தலாம், ஆனா பப்ளிக் லேண்ட்ல விட்டுட்டு வர்றதுக்கு தனி விதி இருக்கு, அதோட திடீர்னு முளைச்ச பெட்டிய மான் நம்பாது. நான் கூடாரம் எடுத்துட்டுப் போறதில்ல. உங்க தோளவிட அகலமான மரம், இல்ல விழுந்த மரத்தோட வேர்முட்டு, அதுல முதுகு சாஞ்சு சின்ன ஸ்டூல். நிழல்ல இருக்கணும், உங்க உருவத்துக்குப் பின்னாடி திறந்த வானம் தெரியக்கூடாது. முன்னாடி காஞ்சு விழுந்த கிளைங்கள இடுப்பு உயரத்துக்கு சாத்தி வெச்சுக்கங்க, உயிரோட நிக்கிற மரத்த வெட்டறதுக்கு அனுமதி கிடையாது. காலடியில இருக்குற சருக எல்லாம் கையால ஒதுக்கி வெறும் மண்ணாக்குங்க, இத மறந்தா கால நகத்தின உடனே சரக்குன்னு கேக்கும். முகத்தையும் கையையும் மூடுங்க, இருட்டுக் காட்டுல பளிச்சுன்னு தெரியறது அதுதான். ஆரஞ்சு நிறம் மானுக்கு நமக்கு மாதிரி எடுப்பா தெரியாது, நீலம்தான் நல்லா தெரியும், அதனால ஜீன்ஸ் வேணாம். வில் சீசன்ல ஆரஞ்சு கட்டாயமில்ல, ஆனா நடந்து போகும்போதும் வரும்போதும் நான் ஆரஞ்சு தொப்பி போடுவேன், முயல் அணிலுக்கு துப்பாக்கியோட ஆளுங்க சுத்துற காடு அது.

உக்காந்ததும் ரேஞ்ச்ஃபைண்டர்ல நாலு மரத்தோட தூரத்த அளந்து மனசுல வெச்சுக்கங்க. மான் வந்தப்புறம் அளக்க நேரம் இருக்காது.

இழுக்குற நேரம்

தரை வேட்டையில பாதிக்கு மேல கெட்டுப்போறது இங்கதான். போன நவம்பர் முதல் வாரம், காலை எட்டே கால். ஒரு பிணைமான் ஃபெர்ன் காஞ்சு பழுப்பாயிருந்த சரிவுல எறங்கி வந்துச்சு, 17 கெஜம்னு நான் அளந்து வெச்சிருந்த ஓக்க நோக்கி. அதோட காது ரெண்டும் தனித்தனியா திரும்பிட்டு இருந்துச்சு, ஒண்ணு என் பக்கம். மூக்குல ஈரம் மின்னுறது தெரிஞ்சது. என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. ஒரு காலத் தூக்கினது, வெக்காம அப்படியே நிறுத்தி என் பக்கமே பாத்துச்சு, நான் கண்ண பாதி மூடி தரையப் பாத்தேன், நேருக்கு நேர் பாத்தா அதுக்குப் புரிஞ்சிரும். அரை நிமிஷம் இருக்கும். வால ஒரு தடவ ஆட்டிச்சு. அதுதான் சைகை, சமாதானமாயிட்டா அப்படி ஆட்டும். அடுத்த அடி வெச்சப்போ தலை ஓக்குக்குப் பின்னாடி மறைஞ்சது, அந்த நேரத்துல இழுத்தேன். தோள் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்னப்போ விட்டேன்.

அதான் விதி: கண்ணு மறைஞ்சா இழு, கண்ணு தெரிஞ்சா அசையாத. கூட வேற மான் இருந்தா அதோட கண்ணும் கணக்கு.

எங்க எய்யணும்

மான் பக்கவாட்டுல நிக்கணும், இல்ல லேசா உங்களவிட்டு விலகித் திரும்பி நிக்கணும். முன்னங்காலுக்கு ஒட்டினாப்ல பின்னாடி, அடிவயித்துலருந்து மேல மூணுல ஒரு பங்கு. விலகி நின்னா, அந்தப் பக்கத்து முன்னங்கால மனசுல வெச்சு அதுக்கு நேரா. நெஞ்சு காட்டி நேரா நிக்கிறது, பின்பக்கம் காட்டுறது, நடுவுல குச்சி குறுக்க வர்றது, எல்லாம் விட்டுருங்க. தரை மட்டத்துல ஒரு சுள்ளி போதும் அம்ப திருப்பிவிட.

எய்ததுக்கு அப்புறம்

உக்காருங்க. மான் கடைசியா எந்த மரத்துக்கிட்ட தெரிஞ்சதுன்னு குறிச்சுக்கங்க. அரை மணி நேரம் எழுந்திருக்காதீங்க, அப்புறம் அம்பப் போயி பாருங்க. இளஞ்சிவப்பா நுரையோட ரத்தம்னா நுரையீரல், பக்கத்துலயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்புன்னா கல்லீரலா இருக்கலாம், நாலு மணி நேரம் காத்திருங்க. பச்சையா, சாணி வாடை அடிச்சா குடல், எட்டுலருந்து பன்னெண்டு மணி நேரம், அன்னிக்கு ராத்திரி தூக்கம் போனாலும் சரி.

என் ரெண்டாவது சீசன்ல ரத்தம் கருப்பா இருந்தத பாத்தும் இருபது நிமிஷத்துல பின்னாடியே போனேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடி சதுப்புக்குள்ள போயிருச்சு. ரெண்டு நாள் தேடினேன், கெடைக்கல. காத்திருந்தா அந்தப் படுக்கையிலயே கெடைச்சிருக்கும். இன்னிக்கும் அந்த எடத்தத் தாண்டிப் போகும்போது நெஞ்சு கனக்குது. அதனாலதான் இந்த மணிக்கணக்க இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

ரத்தத் தடத்துல நடக்கும்போது தடத்து மேல மிதிக்காம பக்கத்துல நடங்க, கடைசி சொட்டு கிட்ட டிஷ்யூ பேப்பர் ஒண்ண வெச்சுட்டு அடுத்தத தேடுங்க. கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தா அந்த வெள்ளை வரிசையே மான் போன திசைய காட்டும்.

டேக், குடல், வீடு

மான் கிட்ட போனதும் முதல்ல டேக் கட்டுங்க. 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும், 2022லருந்து கட்டாயம். குடல் எடுக்குறத அங்கயே பண்ணணும், கத்தி முனைய மேல் பாத்து வெச்சு, ரெண்டு விரலால வயித்துத் தோல தூக்கிப் புடிச்சு மெதுவா கீறுங்க, உள்ள இருக்குற பையக் கிழிச்சா கறி வீணாகும். சூடு சீக்கிரம் எறங்கணும், 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ. வெளிய வெயில் அடிச்சா ஐஸ் பைய உள்ள வெச்சுக் கட்டுங்க. இழுத்துட்டு வர்றதுக்கு பிளாஸ்டிக் ஸ்லெட் ஒண்ணு கார்ல இருந்தா இடுப்பு தப்பிக்கும்.

சிடபிள்யூடின்னு மூளையத் தாக்குற நோய் ஒண்ணு 2015லருந்து மிச்சிகன் காட்டு மான்கள்ல இருக்கு. அது இருக்குற பகுதின்னா தலைய டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் கறிய ஃப்ரீசர்ல வெச்சிருங்க. மூளை, முதுகுத்தண்டு பக்கம் கத்தி போடாம எலும்புலருந்து சதைய மட்டும் கழட்டுங்க.

சமையல்ல ஒண்ணு மட்டும்: மான் கறியில கொழுப்பு கம்மி. முதுகுச் சதைய மிளகும் உப்பும் மட்டும் தடவி, இரும்பு தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் சுருக்கா வாட்டி எடுங்க, நடுவுல லேசா சிவப்பு இருக்கட்டும். தோள் கறியும் தொடைக் கறியும் குக்கர்ல, சின்ன வெங்காயம் நிறைய போட்டு, ஆட்டுக்கறிக்கு விடுறதவிட ரெண்டு விசில் கூட.