பி.யூ. (பாலியூரித்தேன்) வார்ப்புக்கு எந்த ரிலீஸ் வாங்குவது?

"டையை விட்டு பீஸ் வரவே மாட்டேங்குதுங்ணா, நல்ல ஸ்ப்ரே ஒண்ணு சொல்லுங்க" என்று ரிலீஸ் (வார்த்த பீஸ் ஒட்டாமல் வர டையில், அதாவது அச்சில், பூசுவது) கேட்டு எங்கள் கோவைப் பட்டறைக்கு யாராவது வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெளியே வந்த பீஸை என்ன செய்யப் போகிறீர்கள்?

வெறும் புஷ், வாஷர் என்றால் சிலிகான் ரிலீஸ் போதும். வழுக்கிக்கொண்டு வரும், விலையும் கட்டுப்படியாகும். பெயிண்ட் அடிக்கிற, பசை போட்டு ஒட்டுகிற பீஸ் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். துடைத்தாலும் லேசில் போகாது. பெயிண்ட் வட்ட வட்டமாக விலகும்.

ரோலர் வார்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஒருமுறை 6 ரோலருக்கான சாஃப்ட்டுகளை சாண்ட்பிளாஸ்ட் செய்து, மேலே வார்க்கும் பி.யூ. ரப்பர் பிடிக்க பிரைமர் பூசிக் காயவைத்திருந்தோம். நாலடி தள்ளிப் பையன் டைக்கு சிலிகான் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். மேலே ஃபேன் வேறு. பத்தே நாளில் ரோலர்கள் திரும்பி வந்தன. ஓரத்தை பிளேடால் கீறி இழுத்தேன், வாழைப்பழத் தோலாக உரிந்தது. பிரைமர் சாஃப்ட்டிலேயே பத்திரமாக இருந்தது. ரப்பர் மட்டும் அதைப் பிடிக்கவே இல்லை. இப்போது ரிலீஸ் அடிப்பது தனி அறையில். சாஃப்ட் இருக்கும் அறைக்குள் சிலிகான் டப்பாவே வராது.

அப்புறம் டையின் சூடு. குளிர் வார்ப்புக்கு மெழுகு அருமை. மோக்கா (பி.யூ.வை இறுக வைக்கும் கெமிக்கல்) போட்டு 100 டிகிரி வாக்கில் வார்க்கிறோம் என்றால் சாதா மெழுகு உருகி வழிந்து மூலையில் தேங்கும். பீஸில் அந்த மூலை மழுங்கும். அதற்கு செமி பெர்மனென்ட் வகைதான் சரி. எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் டையைக் கழுவி, மெல்லிசாக நாலைந்து கோட், டப்பாவில் எழுதியிருக்கிறபடி ஒவ்வொன்றையும் காயவிட்டு அடியுங்கள். ஒருமுறை அடித்தால் பல பீஸ் தாங்கும்.

தண்ணீர் கலந்த ரிலீஸில் நெடி இல்லை, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. ஆனால் ஈரம் மிஞ்சினால் பி.யூ.வில் இருக்கும் ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, பீஸ் முழுக்க ஊசித்துளை. சூடான டையில் சட்டென்று காயும். குளிர்ந்த டையை ஓவனில் காட்டிவிட்டு ஊற்றுங்கள்.

எதுவானாலும் மேலும் மேலும் அடித்தால் படிந்துகொண்டே போகும். டையில் வெட்டிய பார்ட் நம்பரில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போனால் சுரண்ட நேரம் வந்துவிட்டது. பித்தளைத் தகடால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், கோடு விழுந்தால் அடுத்த பீஸ் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வர மறுக்கும்.