பழைய வேதாகம மென்பொருளில் குறிப்புகள் பாழாகும் விதம்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து ஆலயங்களில் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர்களுக்கு ஈ-ஸ்வோர்ட், தி வேர்ட் போன்ற பழைய வேதாகம மென்பொருள்கள் இன்றைக்கும் கைகொடுக்கின்றன. சிக்னல் கிடைக்காத இடத்திலும் ஓடும். பழைய லெப்டொப்பே போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள்தான் ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள்.

பாமினியில் குறிப்பு எழுதுவது

பெரிய நஷ்டம் இதில்தான். பாமினி என்பது யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. தமிழுக்கே தனிக் குறிகள் உள்ள யுனிகோட்டில் ‘கிருபை’ என்று தேடினால் வசனங்கள் வரும், கிருபையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றுகூட வராது. பாமினி இல்லாத கணினியில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

அதைவிட மோசம், மாற்றுகிற முறை. முழுக் குறிப்பையும் நோட்பேட்டில் ஒட்டி, யுனிகோட் மாற்றியில் போடுகிறார்கள். நோட்பேட் எழுத்துரு விவரத்தை உதறிவிடும். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிறகு எப்படிப் பிரிப்பது? விளக்கவுரையிலிருந்து எடுத்து வைத்த ஆங்கில வரிகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். வருடக்கணக்கான உழைப்பு ஒரு பிற்பகலில் இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் மூலக் கோப்பை நகலெடுங்கள். குறிப்பை மைக்ரோசொஃப்ட் வேர்டில் ஒட்டினால் எழுத்துருவும் கூட வரும். தேடல் பெட்டியில் சொல் எதுவும் போடாமல், ஃபார்மட்டில் பாமினியை மட்டும் தெரிவு செய்து தேடுங்கள். தமிழ்ப் பகுதிகள் ஒவ்வொன்றாக அகப்படும். அவற்றை மட்டும் பந்தி பந்தியாக மாற்றி அதே இடத்தில் ஒட்டி, லதா போன்ற யுனிகோட் எழுத்துரு கொடுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் ஒரு வரியும் தொலையாது.

கோப்பின் வாலை மாற்றுவது

பழைய ஈ-ஸ்வோர்ட் கோப்பைப் புதிய பதிப்பில் திறக்க, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஈ-ஸ்வோர்ட் 9ஆம் பதிப்போடு உள்ளே இருக்கும் தரவுத்தள வகையே மாறிவிட்டது.

தி வேர்டின் வேதாகமக் கோப்பில் கை வைப்பது

முழு வேதாகமத்துக்கு 31,102 வரிகள், வசனத்துக்கு ஒன்று. ஆதியாகமத்தில் தெரியாமல் ஒரு என்டர் தட்டினால் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று தள்ளும்; யோவான் 3:16ஐத் திறந்தால் 15ஆம் வசனம் நிற்கும். சேமிக்கும்போது ஆன்சி என்ற பழைய குறியீட்டு முறையைத் தெரிவு செய்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகும், யூடிஎஃப்-8 தெரிவு செய்யுங்கள்.

ஸ்ட்ரோங் எண்

1890இல் வெளிவந்த அந்த எண்கள், கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பின் சொற்களுக்குப் பின்னால் உள்ள எபிரெய, கிரேக்க மூலச் சொற்களுக்குக் கொடுத்தவை. தமிழ்ச் சொல்லோடு நேராக ஒட்டாதீர்கள்.

பென் டிரைவ்

மென்பொருளை மூடிவிட்டே குறிப்புக் கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். தி வேர்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டுகிறவர்கள், மழைக்காலத்தில் கரண்ட் போவதற்கு முன் குறிப்புக் கோப்பின் நகலொன்றைக் கணினியிலும் போட்டு வையுங்கள்.