நிலாவில் பாட்டி, நிலாவில் முயல்: எல்லாரும் சேர்ந்து கதை சொல்வது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரையும் உட்கார வைத்துக் கதை பேச பத்துப் பேர் போதும். மைக் வேண்டாம்.

முதலில் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பிடியுங்கள். எனக்கு நிலாதான். நம் பாட்டி அதில் வடை சுடுகிறாள், சீனர் கதையிலோ அங்கே சாங்அ என்ற தேவதையும் உரலில் மருந்து இடிக்கும் முயலும் இருக்கிறார்கள். ஒரே கறையை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் விரல் நீட்டிக் காட்டிவிட்டால் அப்புறம் யாரையும் பேசச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து முதலை. மலாய்க் கதையில் சாங் கஞ்சில் என்ற சருகுமான், ராஜா எண்ணிவரச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாக நிறுத்தி, முதுகு முதுகாகக் குதித்தே ஆற்றைக் கடந்துவிடும். நம் குரங்கு இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று தப்பும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

தொடக்கத்தை அவரவர் தாய்மொழியில் சொல்லட்டும், மீதியை மலாயில். நடுவில் திருத்தாதீர்கள், ப்ளீஸ். சாமி கதை என்றால் சொல்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு சைவமாக இருந்தால் எல்லாரும் கை வைப்பார்கள். பருப்பு வடை கொஞ்சம் கூடுதலாகவே சுடுங்கள்.